அலகுக்குப் பெயர் உண்டு, பிடிக்கு இல்லை



இந்த முறை பட்டாசு விபத்து பற்றியோ கல்வி உதவித்தொகை நிலுவை பற்றியோ எழுதவில்லை. ஒரு ஜப்பானியக் குத்துவாளைப் பற்றி எழுதுகிறேன். தாயில்பட்டிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எங்கள் பகுதித் தம்பி ஒருவன் மூன்று மாதங்களாக அதைக் கணினியில் செய்துகொண்டிருந்தான். நான் நடத்தும் மாலைநேரப் படிப்பு மையத்தில் இருக்கிற பழைய கணினியில்தான் வேலை நடந்தது. பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். அந்த மூன்று மாதத்தில் நாங்கள் பேசியது எல்லாம் கடைசியில் சாதியில் வந்து நின்றது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

தம்பி மதுரையில் அனிமேஷன் படித்தவன். அம்மா பட்டாசு ஆபீஸில் சரம் பின்னுகிறார். வீடியோ விளையாட்டுகளில் நாம் கையில் எடுக்கும் விளக்கு, பூட்டு, கத்தி ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து செய்திருக்க வேண்டும். அப்படிச் செய்த பொருட்களை விற்க இணையத்தில் சந்தைகள் இருக்கின்றன. ஒருமுறை நன்றாகச் செய்து வைத்தால் பலரும் வாங்குவார்கள். பழங்கால ஆயுதங்களுக்கு அங்கே எப்போதும் கிராக்கி, அதிலும் ஜப்பானிய ஆயுதம் என்றால் தனி மவுசு. அந்தக் கணக்கில்தான் அவன் 'தாந்தோ' என்ற குத்துவாளைத் தேர்ந்தெடுத்தான். தாந்தோ என்பது ஒரு ஷாகு, அதாவது சுமார் 30 சென்டிமீட்டருக்கும் குறைவான அலகு கொண்ட கத்தி.

முதலில் எனக்கு உவப்பாக இல்லை. அதை அவனிடமே சொன்னேன். நம் தென்மாவட்டங்களில் கத்தி என்பது அலங்காரப் பொருள் அல்ல. அரிவாளோடு நின்று படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பதும், சாதிப் பாட்டோடு ரீல்ஸ் போடுவதும் நாம் அன்றாடம் பார்ப்பதுதான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவன் தன் வீட்டுக்குள்ளேயே அரிவாளால் வெட்டப்பட்டான். வெட்டியவர்கள் அவனோடு ஒரே பள்ளியில் படித்த பிள்ளைகள். அதன் பிறகுதான் நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைக்கப்பட்டு, 2024 ஜூனில் அறிக்கை வந்தது. இப்படிப்பட்ட மண்ணில் நம் பையன் ஒருவன் ஆயுதத்தை இவ்வளவு அழகாகச் செய்ய வேண்டுமா என்று கேட்டேன்.

"அழகா செய்யணும்னு இல்லக்கா, சரியா செய்யணும்" என்றான். அந்தப் பதில் அப்போது எனக்குப் போதவில்லை. ஆனால் 'சரியாக' என்ற அந்தச் சொல்தான் எங்களை வெகுதூரம் இழுத்துக்கொண்டு போனது.

அவன் மாதிரியாக எடுத்துக்கொண்டது அட்சுஷி தோஷிரோ என்ற குத்துவாள். டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஜப்பான் அரசு அதை 'தேசியப் பொக்கிஷம்' என்று அறிவித்திருக்கிறது. அந்த நாட்டின் தேசிய அருங்காட்சியகங்கள் தங்கள் சேகரிப்பின் படங்களை யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி இணையத்தில் வைத்திருப்பதால் தம்பிக்கு வேலை எளிதானது. செய்தவர் பெயர் யோஷிமிட்சு. 13ஆம் நூற்றாண்டில் கியோத்தோ நகரின் அவதாகுச்சி பகுதியில் வாழ்ந்த கொல்லர். குத்துவாள் செய்வதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று இன்றும் சொல்கிறார்கள். சாதாரணத் தாந்தோவைவிட இதன் அலகு மிகவும் தடிமன். 'அட்சுஷி' என்ற பெயரே அதன் தடிமனால் வந்ததுதான்.

கணினியில் ஒரு கத்தி எப்படி உருவாகிறது என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் நுணுக்கமெல்லாம் சேர்த்து, லட்சக்கணக்கான சிறு முகங்களால் ஆன ஓர் உருவத்தைச் செய்கிறார்கள். அது கணினிக்குப் பெரும் பாரம். அதனால் சில ஆயிரம் முகங்கள் மட்டுமே கொண்ட எளிய உருவம் ஒன்றையும் செய்து, முதல் உருவத்தின் மேடு பள்ளங்களை ஒரு படமாக மாற்றி இதன்மேல் போர்த்துகிறார்கள். விளையாடுபவன் காண்பது அந்தப் போர்வையைத்தான். பிறகு நிறம், பளபளப்பு, சொரசொரப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் படம். மேற்பரப்பு எவ்வளவு வழுவழுப்பு என்பதைக்கூட எண்ணாகக் கொடுக்க வேண்டும்.

அலகுக்கு அவனிடம் எல்லாத் தகவலும் இருந்தது. ஆற்று மணலிலும் மலை மணலிலும் கிடைக்கும் இரும்புத் துகளைக் கரியோடு உலையிலிட்டு 'தமஹகானே' என்ற எஃகை எடுக்கிறார்கள். அதைக் காய்ச்சி, தட்டி, மடித்து, மறுபடியும் தட்டுகிறார்கள். கடைசியில் அலகின் முதுகில் களிமண்ணைத் தடிமனாகவும் விளிம்பில் மெல்லியதாகவும் பூசி, சூடேற்றித் தண்ணீரில் அமிழ்த்துகிறார்கள். விளிம்பு சீக்கிரம் குளிர்ந்து கடினமாகிறது, முதுகு மெதுவாகக் குளிர்ந்து வளைந்து கொடுக்கும் தன்மையோடு நிற்கிறது. இரண்டும் சந்திக்கிற இடத்தில் வெண்மையான ஒரு கோடு தெரியும். அதற்கு 'ஹமோன்' என்று பெயர். அந்தக் கோட்டைச் சரியாகக் கொண்டுவரவே தம்பிக்குப் பதினைந்து நாள் ஆனது. பிடிக்குள் மறைந்திருக்கும் வால்பகுதியில் கொல்லர் தன் பெயரை உளியால் வெட்டியிருக்கிறார். பிடியைக் கழற்றினால்தான் அது தெரியும். எந்த விளையாட்டிலும் யாரும் பிடியைக் கழற்றப்போவதில்லை. ஆனாலும் அவன் அந்த இரண்டு எழுத்துகளையும் வெட்டி வைத்தான்.

அந்தக் குத்துவாள் யார் யார் கையில் இருந்தது என்பதற்கும் பதிவு இருக்கிறது. அஷிகாகா, தொயோதோமி, தொக்குகாவா என்று ஆண்ட குலங்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன.

சிக்கல் பிடியில் ஆரம்பித்தது. அவனுக்குக் கிடைத்த படங்களில் அலகு மட்டும்தான் இருந்தது. பிடியையும் உறையையும் அந்தக் காலத்து வழக்கத்தைப் பார்த்து அவனே செய்ய வேண்டியிருந்தது. மரப்பிடி, அதன்மேல் திருக்கை மீனின் சொரசொரப்பான தோல், அதன்மேல் பட்டுக் கயிறோ பதப்படுத்திய தோல்வாரோ சுற்றியிருக்கும். அவன் தோல்வாரைத் தேர்ந்தெடுத்தான். கணினியில் ஆயத்தமாகக் கிடைத்த ஒரு தோல் படத்தை எடுத்துச் சுற்றினான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

ஒருநாள் மகனைக் கூப்பிட வந்த அவன் அம்மா திரையைப் பார்த்தார். விரல் இடுக்கில் எல்லாம் வேலைத்தலத்து மருந்துக் கறை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பிடி புதுசா இருக்கேய்யா. யாரும் பிடிச்சு வேலையே செய்யலயா?" என்றார்.

உண்மைதான். அலகில் நூற்றாண்டுகளின் தடம் இருந்தது, பிடியில் ஒருநாளின் வேர்வைகூட இல்லை. நம் வீட்டு மண்வெட்டிக் கணையும் அரிவாள் பிடியும் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். கைபட்ட இடம் கறுத்து மழுங்கியிருக்கும். தம்பி அன்றைக்கே அதைச் சரிசெய்ய உட்கார்ந்தான். தோல் எப்படிப் பழசாகும் என்று பார்க்கப் போனவன், அந்தக் காலத்தில் ஜப்பானில் தோலை யார் பதப்படுத்தினார்கள் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தான்.

நம்மில் பலருக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் சொல்லியாக வேண்டும். செத்த மாட்டை அப்புறப்படுத்துவது, தோலை உரிப்பது, பதப்படுத்துவது ஆகிய வேலைகள் ஜப்பானில் ஒரு சமூகத்தின்மேல் பிறப்பால் சுமத்தப்பட்டிருந்தன. 'கவதா' என்றும் 'எதா' என்றும் அவர்களை அழைத்தார்கள். எதா என்று எழுதப் பயன்படுத்திய எழுத்துகளுக்கு 'அழுக்கு மிகுந்த' என்று பொருள். போர்க்காலத்துப் பிரபுக்களுக்குக் கவசத்துக்கும் சேணத்துக்கும் தோல் வேண்டும். அதனால் அவர்களைக் கோட்டை நகரங்களுக்கு அருகில் குடியமர்த்தித் தோல் வாங்கிக்கொண்டார்கள். தொக்குகாவா ஆட்சியில் அவர்கள் எங்கே வாழலாம், யாரை மணக்கலாம், எதை உடுத்தலாம் என்பதெல்லாம் இறுகிப்போனது. ஒரு சாமுராயின் உடம்பில் இருந்த தோல் அவர்கள் கைபட்டதாக இருக்கலாம். அவன் வாசற்படியை மட்டும் அவர்கள் மிதிக்கக் கூடாது.

கொல்லர் அப்படியில்லை. பெரிய கொல்லருக்குப் பிரபுக்களிடம் மதிப்பும் பட்டமும் கிடைத்தன. ஒரே ஆயுதத்தில் அலகைச் செய்தவர் பெயர் 700 ஆண்டுகளாக நிற்கிறது. பிடிக்கும் கவசத்துக்கும் தோல் கொடுத்தவர்களுக்கு மிஞ்சியது ஒரு வசைச்சொல். பறையின் ஓசை மங்கலம், அதற்குத் தோல் கட்டியவன் தீட்டு என்று சொல்லும் ஊரில் இருந்துகொண்டு இதைப் புரிந்துகொள்ள நமக்கு அகராதி தேவையில்லை.

அப்போது தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் விவரத்துல எழுதிடுறேன்க்கா. இந்தத் தோலு இந்தச் சாதிக்காரங்க, இந்த ஊர்க்காரங்க பதப்படுத்துனதுன்னு அவங்க ஊரு பேரோட போட்டுடுறேன்" என்றான். மறைக்கப்பட்ட உழைப்பை வெளியே கொண்டுவருவதுதானே நம் அரசியல் என்று எனக்கும் சரியென்றுதான் பட்டது. ஆனால் சமூகவியல் படித்த காலத்தில் வாசித்த ஒரு நிகழ்வு நினைவில் இடறியது.

ஜப்பானில் 1871இல் ஓர் அரசாணை வந்து எதா என்ற பெயரை ஒழித்தது. பெயர்தான் ஒழிந்தது. அடுத்த ஆண்டு எடுத்த குடும்பப் பதிவேட்டில் அவர்களைப் பல இடங்களில் 'புதிய குடிமக்கள்' என்று குறித்து வைத்தார்கள். பழைய குடிமக்கள் யார், புதியவர்கள் யார் என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். திருமணத்துக்கும் வேலைக்கும் அந்தப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார்கள். 1968இல்தான் அதைப் பொதுமக்கள் பார்வையிலிருந்து எடுத்துப் பூட்டினார்கள். 1975இல் இன்னொரு விஷயம் வெளியே வந்தது. நாடு முழுவதும் அந்த மக்கள் வாழும் குடியிருப்புகளின் பெயரையும் இடத்தையும் தொகுத்து ரகசியப் பட்டியலாக யாரோ விற்றுக்கொண்டிருந்தார்கள். வாங்கியவை 200-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள். வேலைக்கு மனுப் போடுபவரின் முகவரியை அதோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கழித்துக்கட்டினார்கள்.

அதன் பிறகு கணினிக் காலம் வந்தது. கூகுள் எர்த், ஜப்பானின் பழைய வரைபடங்களை இன்றைய வரைபடத்தின்மேல் பொருத்திக் காட்டியது. வரைபட ஆர்வலர்களுக்குக் கொண்டாட்டம்தான். அவ்வளவு நுணுக்கம், அவ்வளவு அழகு. ஆனால் அந்தப் பழைய வரைபடங்களில் சில இடங்களில் 'எதா கிராமம்' என்று எழுதியிருந்தது. இன்று அந்த இடத்தில் எந்தத் தெரு இருக்கிறது, எந்த அடுக்குமாடி இருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். 2009இல் எதிர்ப்பு கிளம்பியது. பிறகு அந்த எழுத்துகள் அழிக்கப்பட்டன.

வரைபடத்தில் பொய் எதுவும் இல்லை, எல்லாம் சரியாகவே இருந்தது. அந்தச் சரியான தகவலால் ஒரு பெண்ணுக்கு வரன் தட்டிப்போகலாம், ஒரு பையனுக்கு வேலை தட்டிப்போகலாம் என்பதுதான் பிரச்சினை. மதுரையிலோ சென்னையிலோ வாடகைக்கு வீடு தேடிப் போனவர்களுக்கு இது புரியும். "ஊர்ல எந்தப் பக்கம்?", "எந்தத் தெரு?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். முகவரியில் 'காலனி' என்று இருந்தால் அதற்குமேல் கேட்கவே மாட்டார்கள். 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு 'காலனி' என்ற சொல்லை ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாகச் சட்டமன்றத்தில் அறிவித்தது இதனால்தான்.

அப்படியானால் மறைத்துவிடுவதுதான் வழியா? அதுவும் இல்லை. மறைத்து வைத்தால் ஆதிக்கசாதிக்கு வசதி. கத்தி முழுவதும் சாமுராயின் வீரம் என்றாகிவிடும், தோல் பதப்படுத்திய கை இல்லாமலே போய்விடும்.

அந்த மக்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். 1922 மார்ச் 3 அன்று கியோத்தோவின் ஒகசாகி மண்டபத்தில் கூடி சுய்ஹெய்ஷா என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். யோஷிமிட்சுவின் அவதாகுச்சி அங்கிருந்து நடந்து போகிற தூரம்தான். கறுப்புத் துணியில் சிவப்பு முள்முடி வரைந்து கொடியாக்கினார்கள். அன்றைய பிரகடனத்தில் எதா என்ற சொல்லை அவர்களே எடுத்து, அப்படி இருப்பதில் பெருமை கொள்கிற காலம் வந்துவிட்டது என்று அறிவித்தார்கள். நமக்கு இது புதிதல்ல. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தன் பத்திரிகைக்குப் 'பறையன்' என்று பெயர் வைத்தார். அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்று வைத்தார். ஒருவர் இழிவாகச் சொன்ன சொல்லையே ஏந்தினார், மற்றவர் வேறொரு பெயரைத் தேர்ந்தெடுத்தார். இரண்டும் அவரவர் முடிவு.

1922இல் அந்தக் கூட்டத்தில் ஒலித்த சொல்லும் 2009இல் திரையில் தெரிந்த சொல்லும் ஒன்றுதான். ஒன்று விடுதலை, இன்னொன்று ஆபத்து. சொன்னவர் யார், யாருக்காகச் சொன்னார், பின்விளைவை யார் தாங்கப்போகிறார் என்பதில்தான் வேறுபாடு. இதைத்தான் இளம் தோழர்களுக்குச் சொல்ல வந்தேன். எதையும் நுணுக்கமாகப் பதிவுசெய்யும் கருவிகள் இன்று நம் கையிலேயே இருக்கின்றன. நுணுக்கமாகச் செய்துவிட்டாலே நியாயம் செய்ததாக ஆகிவிடாது. வேலையை முழுதாகக் காட்ட வேண்டும், அந்த வேலையைச் செய்த மக்கள் எப்படி நடத்தப்பட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று காட்டும் உரிமை நமக்குக் கிடையாது. அதைச் சொல்வதா வேண்டாமா என்று அவர்கள்தான் முடிவெடுக்க வேண்டும்.

தம்பி கடைசியில் விவரக் குறிப்பை இப்படி எழுதினான். அலகின் மாதிரி யோஷிமிட்சு செய்தது. பிடியும் உறையும் என் கற்பனை. அக்காலத்தில் ஆயுதங்களுக்கும் கவசங்களுக்கும் தோல் பதப்படுத்திய மக்கள் பிறப்பின் பெயரால் ஒதுக்கப்பட்டார்கள், அவர்கள் பெயர்கள் ஆயுதங்களில் வெட்டப்படவில்லை. அவ்வளவுதான். ஊர்ப் பெயர் எதுவும் இல்லை. தன் பெயரைப் போடும் இடத்தில் ஒரு புனைபெயரைப் போட்டான். ஊர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டான். ஏன் என்று நான் கேட்கவில்லை. அது அவன் முடிவு.

கத்தி விற்கிறது. இரண்டு பேர் அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு, மேலும் எங்கே வாசிக்கலாம் என்று கேட்டு எழுதினார்கள். விளையாட்டுப் பொருளில் எதற்கு அரசியல் என்று கேட்டார் இன்னொருவர். அவருக்கும் பொறுமையாகவே பதில் எழுதியிருக்கிறான்.

இப்போது அவன் பார்வை நம் கட்டாரியின் பக்கம் திரும்பியிருக்கிறது. கைமுட்டியை மடக்கி, இரு கம்பிகளுக்கு நடுவில் இருக்கும் குறுக்குப் பிடியைப் பிடித்துக் குத்தும் ஆயுதம் அது. 1855இல் தஞ்சாவூர் கடைசி அரசர் ஆண் வாரிசில்லாமல் இறந்து கம்பெனி அந்த அரசை எடுத்துக்கொண்ட பிறகு, அரண்மனை ஆயுதசாலை சிதறிப்போனது. அங்கிருந்த கட்டாரிகள் எழும்பூர் அருங்காட்சியகத்திலும் உண்டு, நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் உண்டு. நியூயார்க்கில் இருப்பவற்றின் படங்களை 2017 முதல் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். குறிப்பில் நூற்றாண்டு இருக்கும், உலோகம் இருக்கும், அதை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்த வெள்ளைக்காரர் பெயர்கூட இருக்கும். அடித்த கொல்லர், உறைக்குத் தோல் தைத்தவர், உலைக்குக் கரி சுட்டவர் யாருடைய பெயரும் இருக்காது. இங்கே கொல்லர் பெயரும் சேர்ந்தே காணாமல் போயிருக்கிறது.

நாம் செய்ய வேண்டியது ஆயுதங்களை மட்டும் அல்ல. எங்களுக்குப் பக்கத்தில் வைப்பாற்றங்கரையில் வெம்பக்கோட்டை அகழாய்வு 2022 முதல் நடந்தது. அங்கே கிடைத்த சங்கு வளையலையும் சுடுமண் பொம்மையையும் பார்க்கப் பிள்ளைகளை வரிசையாக அழைத்துப் போகிறார்கள். நல்ல விஷயம். அதே சாலையில் இருக்கும் பட்டாசு ஆபீஸில் சரம் பின்னும் பலகையையும், தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கும் கட்டையையும் யார் பதிவு செய்வது? 2012இல் முதலிப்பட்டியில் 35-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர். விளையாட்டுகளில் வெடியின் ஒளியையும் புகையையும் இழை இழையாகச் செய்கிறார்கள். திரி செருகும் விரலை யாரும் செய்வதில்லை. அதைச் செய்ய நம் பிள்ளைகளால் முடியும். ஆனால் அந்த விரலுக்கு உரியவரிடம் முதலில் கேட்க வேண்டும்: எதைக் காட்டலாம், எதைக் காட்ட வேண்டாம், பெயர் போடலாமா, என்ன பெயர்?

முப்பரிமாண வேலை தெரிந்த மாணவர்கள், கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் எழுதுங்கள். சம்மதத் தாளுக்கு எளிய தமிழில் ஒரு வரைவு செய்து வைத்திருக்கிறேன். அதில் என்ன சேர்க்கலாம், எதை எடுக்கலாம் என்று சொல்லுங்கள். முதல் மாதிரிக்குத் தம்பியின் அம்மா சம்மதித்திருக்கிறார். கைகளைக் காட்டலாமாம், முகம் வேண்டாமாம். எங்கள் மையத்துக் கணினி மாலை ஏழு மணிக்கு மேல் காலியாக இருக்கும்.

ஜெய்பீம்.